ஆள் இல்லாமல் லினக்ஸ் ஏறும்போது டிஸ்க்கை யார் பிரிப்பது?

ஆம்பூர் ஷூ தொழிற்சாலை ஒன்றின் கட்டிங் பகுதியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோலை மேசையில் விரித்ததும் கட்டர் டையை எடுத்துவிட மாட்டார். முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே இழுத்தால் நீள்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்த பிறகுதான் முதல் வெட்டு. உறுதியான முதுகுப் பகுதி ஷூவின் முன்பக்கத்துக்கு. தொளதொளவென்ற வயிற்றுப் பகுதி உள்ளே மறையும் துண்டுகளுக்கு. ஒரு தோலைப் போல இன்னொரு தோல் இருக்காது. ஆனால் எல்லாத் தோலிலிருந்தும் வர வேண்டிய துண்டுகள் அவையேதான். வெட்டியதை மறுபடி ஒட்டவும் முடியாது.

கணினியின் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடுவதும் ஏறக்குறைய இந்த வேலைதான். உட்கார்ந்து ஒரு கணினிக்கு லினக்ஸ் போடும்போது நாமே பார்த்து, யோசித்து, பிரித்துவிடுகிறோம். நாற்பது கணினிக்கு, நெட்வொர்க் வழியாக, முன்னால் யாருமே உட்காராமல் போடும்போது அந்தத் தடவிப் பார்க்கும் கை எங்கே போகிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு கல்லூரி லேப்பையோ தொழிற்சாலை அலுவலகத்தையோ கவனித்துக்கொள்பவருக்கு இந்த நிலை புதிதல்ல. பெட்டி பெட்டியாகக் கணினி வந்து இறங்கியிருக்கும். ஆள் இரண்டே பேர். பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாகப் போட்டால் மொழி, நேர மண்டலம், பாஸ்வேர்டு, பார்ட்டிஷன் என்று ஒவ்வொரு கணினியும் அதே கேள்விகளைக் கேட்கும். மதியத்துக்குமேல் அலுப்பில் பதில்கள் மாறத் தொடங்கும். ஒன்றில் ஸ்வாப் 2 ஜிபி, ஒன்றில் 8 ஜிபி, ஒன்றில் எல்லாமே ஒரே பார்ட்டிஷன். ஆறு மாதம் கழித்து பழுது பார்க்க வருபவர் ஒவ்வொரு கணினியையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

நெட்வொர்க் வழி நிறுவல் இந்த அலுப்பைத் தீர்க்கிறது. கணினி ஆன் ஆனதும் அதன் நெட்வொர்க் கார்டு டிஎச்சிபி சர்வரிடம் தனக்கு ஒரு முகவரி கேட்கும். சர்வர் முகவரியைக் கொடுப்பதோடு, எந்த இடத்தில் போய் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். கணினி டிஎஃப்டிபி வழியாக ஒரு சின்ன பூட் நிரலை இறக்கி, அதன் மூலம் லினக்ஸ் கெர்னலையும் இன்ஸ்டாலரையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். இன்டெல் 1990களின் இறுதியில் வகுத்துக் கொடுத்த இந்த முறைக்கு பிஎக்ஸ்இ என்று பெயர். இன்றைக்கும் பெரும்பாலான மதர்போர்டுகளில் இருக்கிறது. பழைய பயாஸ் கணினிக்கு ஒரு பூட் கோப்பு, புதிய யுஇஎஃப்ஐ கணினிக்கு வேறொன்று என்பதை மட்டும் சர்வரில் சரியாக அமைத்துவிட வேண்டும்.

இன்ஸ்டாலர் ஏறியதும் தான் கேட்கவிருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிய கோப்பு ஒன்றை சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெபியனில் இதற்குப் பெயர் பிரீசீட். ரெட் ஹேட், ஃபெடோரா, ராக்கி, அல்மா குடும்பத்தில் கிக்ஸ்டார்ட். சூசேயில் ஆட்டோயாஸ்ட். உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பிலிருந்து ஆட்டோஇன்ஸ்டால். பெயர்களும் எழுதும் முறையும் வேறு, காரியம் ஒன்றுதான்.

இந்த விடைகளில் பெரும்பாலானவை எல்லாக் கணினிக்கும் பொருந்தும். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்றால் நாற்பதுக்கும் அதுவே. தவறாகப் போனாலும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். டிஸ்க் பற்றிய விடை அப்படியல்ல. அது கணினிக்குக் கணினி வேறுபடும், தவறினால் திரும்பியும் வராது. விடைக் கோப்பில் ஒரு பத்தி அளவுதான் இருக்கும் இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் செலவிடும் நேரத்தைவிட அதிக நேரம் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் மொத்தமாகக் கணினிகளில் ஏறிய வரலாறு உண்டு. 2000களின் இரண்டாம் பாதியில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கையில் எடுத்தது. அதே காலத்தில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. முதல் பதிப்பு 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. திறந்தவுடன் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்ட அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்த மாணவர்கள் இந்த வட்டாரத்திலும் நிறையப் பேர். ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம் என்பது முழுக்க முழுக்க பார்ட்டிஷன் விவகாரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எதற்குப் பிரிக்க வேண்டும்? ஒரே பார்ட்டிஷனாக விட்டாலும் லினக்ஸ் ஓடும். வீட்டுக் கணினிக்கு அதுவே போதும் என்பேன். ஆனால் இரவும் பகலும் ஓடும் கணினிக்கு அது சரிவராது. உதாரணத்துக்கு ஒன்று: பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கழிவுநீர் சுத்திகரிப்பு இந்த வட்டாரத்தில் தவிர்க்க முடியாத கடமை ஆனது. அப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் நீரின் அளவையும் அமிலத்தன்மையையும் நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யும் லினக்ஸ் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவுகளும் கணினியின் சொந்த லாக் கோப்புகளும் பெரும்பாலும் 'வார்' என்ற அடைவில்தான் குவியும். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், ஏதோ ஒரு சென்சார் பழுதாகி ஒரே பிழையை லட்சம் முறை எழுதினால் போதும், மொத்த டிஸ்க்கும் நிரம்பிக் கணினி திணறும். வார் தனிப் பிரிவாக இருந்தால் நிரம்புவது அது மட்டும்தான். இயங்குதளம் மூச்சு விடும், நாம் உள்ளே நுழைந்து சரிசெய்யலாம். ஓரிடத்தின் நெரிசல் இன்னோரிடத்தின் வேலையை நிறுத்தக் கூடாது.

இனி, பிரிப்பை இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது? டெபியனில் தயாராக இருக்கும் முக்கியச் செய்முறைகள் இவை: எல்லாம் ஒன்றாக, பயனர் கோப்புகள் இருக்கும் ஹோம் மட்டும் தனியாக, ஹோம், வார், டெம்ப் மூன்றும் தனித்தனியாக. அவை போதவில்லை என்றால் நாமே ஒரு செய்முறை எழுதலாம். இதில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் மூன்று எண்கள் தர வேண்டும்: குறைந்தபட்ச அளவு, முன்னுரிமை, அதிகபட்ச அளவு. நடுவில் இருக்கும் முன்னுரிமையைப் பலரும் அந்த பார்ட்டிஷனின் அளவு என்றே நினைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். அது அளவு அல்ல. முன்னுரிமையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவதுதான் அந்தப் பிரிவின் பங்கு எடை. எல்லோருக்கும் குறைந்தபட்சத்தைக் கொடுத்த பிறகு மிஞ்சும் இடத்தை இன்ஸ்டாலர் அந்த எடைப்படி பங்கிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். செய்முறையில் மெகாபைட்டில் எழுத வேண்டும். இங்கே எளிமைக்காக ஜிபியில் சொல்கிறேன். யுஇஎஃப்ஐ பூட்டுக்கு 1, ஸ்வாப்புக்கு 4. இவை இரண்டும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்பதால் மூன்று எண்ணும் ஒன்றே. இயங்குதளம் இருக்கும் ரூட்டுக்கு 20, 40, 60. வாருக்கு 10, 30, வரம்பில்லை. ஹோமுக்கு 20, 80, வரம்பில்லை. குறைந்தபட்சங்களைக் கூட்டினால் 55. எடைகள் ரூட்டுக்கு 20, வாருக்கு 20, ஹோமுக்கு 60, மொத்தம் 100.

255 ஜிபி இடமுள்ள ஒரு டிஸ்க் வருகிறது. 55 போக மிச்சம் 200. ரூட்டுக்கு அதில் 40 சேர்ந்து 60 ஆகிறது. வாருக்கு 40 சேர்ந்து 50. ஹோமுக்கு 120 சேர்ந்து 140. அடுத்த கணினியில் 115 ஜிபிதான் இருக்கிறது. மிச்சம் 60. ரூட் 32, வார் 22, ஹோம் 56. அதற்கடுத்த கணினியில் 505 ஜிபி. அங்கே ரூட் 60இல் நின்றுவிடும், அதற்கு மேல் அதற்குக் கிடையாது. அது விட்ட பங்கு வாருக்கும் ஹோமுக்கும் 1:3 என்ற விகிதத்தில் போய்ச் சேரும். ஒரு வரிகூட மாற்றாமல் மூன்று வித டிஸ்க்குக்கும் ஒரே செய்முறை பொருந்துகிறது. யாரோ 32 ஜிபி டிஸ்க் உள்ள பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால்? குறைந்தபட்சத்துக்கே இடம் இல்லாததால் இன்ஸ்டாலர் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதைக் குறையாக நினைக்காதீர்கள். பொருந்தாத தோலை ஓரமாக எடுத்து வைக்கும் கட்டரின் வேலை அது.

கிக்ஸ்டார்ட்டில் இதே எண்ணத்தை வேறு விதமாகச் சொல்வார்கள். குறைந்தபட்ச அளவைக் கொடுத்து, வளரலாம் என்று ஒரு சொல் சேர்த்து, இவ்வளவுக்கு மேல் வளராதே என்று எல்லை போட வேண்டும்.

எந்த முறையானாலும் ஒரு யோசனை: டிஸ்க் இடத்தைப் பிறகும் மாற்றிப் பங்கிட விடும் எல்விஎம் அடுக்கை வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க் முழுவதையும் முதல் நாளே பங்கிட்டு முடிக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். பிறகு வாருக்கு இடம் போதவில்லை என்றால் கணினியை நிறுத்தாமலே பெருக்கிவிடலாம். சுருக்குவதுதான் பாடு. இஎக்ஸ்டி4 என்றால் அந்தப் பிரிவைப் பயன்பாட்டிலிருந்து கழற்றிவிட்டுச் சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பிரிப்பது என்பது கணக்கு. எந்த டிஸ்க்கைப் பிரிப்பது என்பதில்தான் ஆபத்து.

ஒருமுறை இந்த வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தின் டிசைன் பிரிவுக்கு லினக்ஸ் போடப் போனேன். விடைக் கோப்பில் டிஸ்க்கின் பெயரை எஸ்டிஏ என்று எழுதியிருந்தேன், முதல் டிஸ்க் என்ற பொருளில். முந்தின வாரம் இன்னோர் இடத்தில் அதே கோப்பு அழகாக ஓடியிருந்தது. இங்கே ஒரு கணினியில் மட்டும் இயங்குதளம் இருந்த புதிய எஸ்எஸ்டி என்விஎம்இ வகை. அதன் பெயர் எஸ்டிஏ என்று வராது. எஸ்டிஏ என்ற பெயரில் நின்றது, பக்கத்தில் இருந்த பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். பல சீசன்களின் ஷூ பேட்டர்ன் கோப்புகள் அதில்தான் இருந்தன. நான் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது நிறுவல் வெற்றி என்று திரை சொன்னது. கோப்புகளின் நகல் வேறிடத்தில் இருந்ததால் நிறுவனம் பிழைத்தது. இயந்திரம் பிழை செய்யவில்லை. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது.

லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை நிரந்தரப் பெயர்கள் அல்ல. எந்த டிஸ்க்கைக் கெர்னல் முதலில் கண்டதோ அதற்கு முதல் எழுத்து. செருகி மறந்த பென் டிரைவ்கூட சில கணினிகளில் எஸ்டிஏ ஆகிவிடும். சில மெய்நிகர்க் கணினிகளில் முதல் டிஸ்க்கின் பெயர் விடிஏ. ஆகவே பெயரைச் சொல்லாதீர்கள், அடையாளத்தைச் சொல்லுங்கள். உதாரணமாக: எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், கழற்றக்கூடியதாக இருக்கக் கூடாது, 200 ஜிபிக்கு மேல், 600 ஜிபிக்குள். தெரிந்த கணினிகள் மட்டும் என்றால் டிஸ்க்கின் சீரியல் எண்ணையே கொடுத்துவிடலாம்.

உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டாலில் இதை நேரடியாகவே எழுதலாம். எஸ்எஸ்டியா, எந்த மாடல், என்ன சீரியல், இருப்பதிலேயே பெரியதா என்று நிபந்தனை போட இடம் இருக்கிறது. டெபியனில் பார்ட்டிஷன் வேலை தொடங்குவதற்குச் சற்று முன் ஓடும்படி ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை வைக்கலாம். அது டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, நிபந்தனைக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, விடையை அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும். கிக்ஸ்டார்ட்டிலும் நிறுவலுக்கு முன் ஓடும் பகுதி ஒன்று உண்டு. அங்கே பார்ட்டிஷன் வரிகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, முதன்மைக் கோப்புக்குள் சேர்க்கச் சொல்லலாம். தடவிப் பார்க்கும் கை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த ஸ்கிரிப்ட்தான்.

அந்த ஸ்கிரிப்டில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்று. பொருந்தும் டிஸ்க் ஒன்றே ஒன்று கிடைத்தால் மட்டும் மேலே போகட்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், இரண்டு கிடைத்தாலும், நின்றுவிடட்டும். நாற்பதில் இரண்டு கணினி நின்றுபோனால் போய்ப் பார்க்கப் பத்து நிமிடம். ஊகித்து அழித்துவிட்டால் அதற்கு ஈடு இல்லை.

கிக்ஸ்டார்ட் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் துடை என்ற கட்டளையை டிஸ்க்கின் பெயர் இல்லாமல் எழுதினால், அது கணினியில் கண்ணில் படும் எல்லா டிஸ்க்கையும் துடைக்கும். இந்த டிஸ்க்கைத் தவிர வேறெதையும் தொடாதே என்று சொல்லும் வரி தனியாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுதும் பழக்கம் நல்லது.

இரண்டு குடித்தனம் உள்ள மடிக்கணினி விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும் செய்முறையை ஓட்டினால் விண்டோஸும் அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். டெபியனில், இருப்பதிலேயே பெரிய காலி இடத்தை மட்டும் பயன்படுத்து என்று சொல்ல வழி உண்டு. கிக்ஸ்டார்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்களை மட்டும் அழி, மற்றதைத் தொடாதே என்று சொல்லலாம். ஆனாலும் என் முடிவு இதுதான்: மாணவர் சொந்தக் கோப்புகள் உள்ள மடிக்கணினிக்குத் தானியங்கி நிறுவல் வேண்டாம். அதற்கு எதிரில் ஓர் ஆள் உட்கார வேண்டும். தானியங்கி முறை, காலி டிஸ்க்கும் அழித்தாலும் பரவாயில்லை என்று உறுதியான டிஸ்க்கும் உள்ள இடத்துக்கே.

பழைய லேப் கணினிகளில் இன்னொரு சிக்கல் வரும். முன்பு யாரோ போட்ட எல்விஎம் அல்லது ரெய்டின் தடயம் டிஸ்க்கில் மிச்சம் இருக்கும். இன்ஸ்டாலர் அதைக் கண்டதும் அழிக்கலாமா என்று கேட்டுக் காத்திருக்கும். ஆள் இல்லாத நிறுவல் நடுவில் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். டெபியனில் எல்விஎம் தடயத்துக்கு ஒன்று, ரெய்டு தடயத்துக்கு ஒன்று, பிரிப்பை எழுதலாமா என்ற கடைசிக் கேள்விகளுக்குச் சில என்று தனித்தனி ஒப்புதல் வரிகள் இருக்கின்றன. ஒன்று விட்டாலும் நின்றுவிடும். நின்றுவிட்டால் நான்காவது கன்சோலுக்குப் போனால் எங்கே நின்றது என்பது லாக்கில் தெரியும்.

அந்தக் கடைசிக் கேள்வியை உபுண்டு கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும். விடைக் கோப்பு முழுமையாக இருந்தாலும், கெர்னல் கட்டளை வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல்லைத் தனியாகக் கொடுக்காவிட்டால், டிஸ்க்கில் எழுதும் முன் ஒருமுறை கேட்கும். செருகிய கணினியையெல்லாம் சொல்லாமல் அழிக்கும் பென் டிரைவை யாரும் தெரியாமல் உருவாக்கிவிடக் கூடாது என்பதே காரணம்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயாஸில் முதலில் நெட்வொர்க், பிறகு டிஸ்க் என்று வரிசை வைத்துவிட்டு, சர்வரில் நிறுவலையே இயல்பான தேர்வாக விட்டிருந்தால், கணினி மறுபடி ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் நிறுவல் புதிதாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி அமைத்த கணினிகள் என்றால், இரவில் போய் வந்த மின்சாரம் விடிவதற்குள் ஒரு லேப்பையே துடைத்துவிடும். சர்வரின் இயல்பான தேர்வு எப்போதும் உள்ளூர் டிஸ்க்காக இருக்கட்டும். நிறுவ வேண்டிய கணினியின் மேக் முகவரிக்கு மட்டும் தனிக் கோப்பு வைத்து, நிறுவல் முடிந்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். விடைக் கோப்பு அந்த நெட்வொர்க்கில் யார் கேட்டாலும் கிடைக்கும் என்பதால் டிஸ்க் குறியாக்கத்தின் பாஸ்வேர்டையும் அதில் எழுதி வைக்காதீர்கள்.

உண்மையான கணினியைத் தொடும் முன் மெய்நிகர்க் கணினியில் ஓட்டிப் பாருங்கள். சிறிய டிஸ்க் ஒன்று, பெரிய டிஸ்க் ஒன்று, இரண்டு டிஸ்க் சேர்ந்தது ஒன்று, ஏற்கனவே எல்விஎம் உள்ளது ஒன்று. நான்கிலும் நீங்கள் எதிர்பார்த்தபடி ஓடவோ நிற்கவோ செய்தால்தான் கோப்பு தயார். பிறகு லேப்புக்குப் போய், ஒவ்வொரு கணினியிலும் எத்தனை டிஸ்க், என்ன மாடல், என்ன அளவு என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது கணினிக்கு அரை நாள் ஆகும். இழக்கக் கூடாத தரவு உள்ள டிஸ்க் எதுவானாலும், நிறுவல் முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றியே வையுங்கள்.